ஆறு பக்கமும் பெயர் எழுதச் சொன்னது யார்?

எங்கள் சங்கத் தலைவர் மெக்சிகோவுக்குப் போனதே இல்லை.

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. போன மாதம் சென்னையில் ஒரு கல்யாண மண்டபத்தில், துபாயில் எங்கள் தமிழ்ச் சங்கத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய பழைய ஆட்கள் எல்லாரும் கூடினோம். தலைவர் மேடையேறி மைக்கைப் பிடித்தார். எண்பதுகளிலேயே நம் ஆள் ஒருத்தரைத் தான் மெக்சிகோவுக்கு அனுப்பி வைத்ததாகவும், தான் எழுதிக்கொடுத்த பயணக் குறிப்பால்தான் அவர் வேலை தப்பித்ததாகவும் சொன்னார். கை தட்டினார்கள். சால்வை போர்த்தினார்கள். அந்த ஆள் நான்தான். எட்டாவது வரிசையில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது நான் துபாயில், அல் கூஸ் என்கிற பகுதியில் ஒரு டைல்ஸ் கம்பெனியின் குடோனில் ஸ்டோர் கீப்பர். தகரக் கொட்டகை, வெளியே மணல், உள்ளே பெட்டி பெட்டியாக டைல்ஸ். எங்கள் கஃபீல், அதாவது எனக்கு விசா கொடுத்த அரபி முதலாளி, மாதம் ஒருமுறை வந்து எட்டிப் பார்ப்பார். மற்றபடி எல்லாம் மானேஜர்தான். அவர் பம்பாய்க்காரர்.

மெக்சிகோவில் புவேப்லா என்று ஒரு பழைய ஊர் இருக்கிறது. நானூறு வருஷத்துக்கு மேலாகக் களிமண்ணில் தட்டும் டைல்ஸும் செய்து, கையால் நீலப் பூ வரைகிற ஊர். அந்த டைல்ஸை ஒரு பணக்கார அரபி தன் வீட்டு முற்றத்தில் பதித்தார். பார்த்தவர்கள் எல்லாருக்கும் அதுவே வேண்டும் என்றாகிவிட்டது. எங்கள் கம்பெனி வரவழைக்க ஆரம்பித்தது. வந்த பெட்டிகளில் மூன்றில் ஒன்று உடைந்திருந்தது. பெட்டியை ஆட்டினால் உள்ளே சில்லறை குலுங்குகிற மாதிரி சத்தம் கேட்கும்.

மானேஜர் என்னைப் பார்த்தார். குடோனில் இறக்கும்போது என் ஆட்கள்தான் உடைக்கிறார்கள் என்றார். நான் அந்த ஃபாக்டரிக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மரியாதைக்கு இடமில்லை. உங்கள் ஆட்கள் காலால் பேக் செய்கிறார்களா என்று கேட்டேன். நீங்கள் அனுப்பியது டைல்ஸா, அப்பளமா என்று கேட்டேன். அப்பளம் என்றால் என்ன என்று அடியில் ஒரு விளக்கமும் எழுதினேன். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி பதில் வரும்: 'மிகவும் மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் அன்பான கடிதம் கிடைத்து மகிழ்ந்தோம்.' அதைப் படித்தால் எனக்கு இன்னும் கோபம் வரும். அடுத்த கடிதம் இன்னும் நீளமாகப் போகும்.

இரண்டு வருஷம் இப்படிப் போன பிறகு அவர்களிடமிருந்து ஓர் அழைப்பு வந்தது. எங்கள் பேக்கிங்கை நேரில் வந்து பாருங்கள், டிக்கெட் நாங்களே எடுக்கிறோம், ஆனால் அந்தக் கடிதங்களை எழுதுகிற ஐயாதான் வர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

மானேஜர் என்னைக் கூப்பிட்டு, "ஜாவ் பாய், தேக் கே ஆவ்" என்றார். போய்ப் பார்த்துவிட்டு வா. அதோடு விடவில்லை. அங்கே பேக்கிங்கில் தப்பு இருந்தால் எழுத்தில் கொண்டு வா, இல்லையென்றால் உடைவது உன் குடோனில்தான், திரும்பி வந்ததும் கேன்சல் என்றார். வளைகுடாவில் இருந்தவர்களுக்கு அந்த வார்த்தை தெரியும். விசாவில் ஒரு முத்திரை குத்தி, மூட்டையோடு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஊரில் என் வீடு பாதியில் நின்றது. சுவர் எழும்பி, மேலே கம்பிகள் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மெக்சிகோ எந்தப் பக்கம் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்த பயணம் ஒன்றுதான்: லீவு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அட்டைப்பெட்டி கட்டி ஊருக்குப் போவது, கை வீசித் திரும்பி வருவது. யாரிடம் கேட்டாலும் தலைவரைப் பார் என்றார்கள். தலைவர் மெக்சிகோவில் ஆறு மாதம் இருந்தவராம். சங்கத்தில் எல்லாருக்கும் அது தெரியும். எப்படித் தெரியும் என்று நான் அன்று கேட்கவில்லை. அது என் முட்டாள்தனம்.

தலைவர் ஏ.சி. கம்பெனியில் இன்ஜினியர். துபாயிலேயே கராமா பகுதியில் குடும்பத்தோடு இருந்தார். சோபாவுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறையைக் கழற்றாத வீடு. நான் விஷயத்தைச் சொன்னதும், "மெக்சிகோவா? அதெல்லாம் நமக்குத் தண்ணி பட்ட பாடு. உட்காருங்க" என்றார். சங்கத்தின் பெயர் அச்சடித்த தாளில் பதினொரு குறிப்பு எழுதினார். எழுத எழுத வாய்விட்டுப் படித்தார். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மெக்சிகோ முழுக்கப் பாலைவனம், துபாய் மாதிரியே, ஸ்வெட்டர் எடுத்துப் போகாதே. அமெரிக்கா பக்கத்தில் இருப்பதால் எல்லாரும் இங்கிலீஷ் பேசுவார்கள். வெள்ளை சஃபாரி சூட் போட்டால்தான் மதிப்பார்கள். அவர்களுக்குக் காரமே ஆகாது, அதனால் மிளகாய்த்தூள் ஒரு கிலோ கட்டாயம். பரிசு இல்லாமல் போனால் அவமானம், ஒரு டின்னர் செட் வாங்கிக்கொள், தட்டு என்றால் அவர்களுக்கு உயிர். கடைசிக் குறிப்பு இது: பெட்டியை நைலான் கயிற்றால் கட்டி, ஆறு பக்கமும் பெயர், தகப்பனார் பெயர், ஊர், தாலுகா, வழி எல்லாம் பெரிய எழுத்தில் இங்கிலீஷில் எழுத வேண்டும். அந்த ஊர்ப் போர்ட்டர்கள் திருடர்கள், பெயர் பார்த்தால் பயப்படுவார்கள் என்றார். கீழே கையெழுத்தும் போட்டார்.

நான் பதினொன்றையும் செய்தேன்.

பெட்டி கட்டியது என் அறைத் தோழர். யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு கம்பெனியில் கணக்கர். ஆனால் எங்கள் கட்டடத்தில் யார் லீவில் போனாலும் பெட்டி கட்ட அவரைத்தான் கூப்பிடுவார்கள். பால் பவுடர் வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கடையில் வாங்கி வந்தோம். மேலே ஒரு பசு மாட்டின் படம். குறிப்புத் தாளைப் படித்துவிட்டு அவர் அதை மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

"உம்மட தலைவர் எழுதினது சரியோ பிழையோ எனக்குத் தெரியாது. ஆனா கட்டுறதெண்டா நான்தான் கட்டுவன். நீர் தள்ளி நில்லும்" என்றார்.

நான் தட்டுகளைப் படுக்கப் போட்டு அடுக்கினேன். அவர் எல்லாவற்றையும் வெளியே எடுத்தார். "படுக்கப் போட்டா மேல இருக்கிற பாரம் முழுக்க அடித்தட்டில. நிக்க விடோணும் ஐசே. நிண்டா ஒண்டுக்கொண்டு துணை." என் பனியன்களையும் லுங்கிகளையும் கிழிக்காத குறையாகச் சுற்றி, தட்டுகளை விளிம்பில் நிறுத்தி, மூலைகளில் துண்டை அடைத்து, குலுக்கிப் பார்த்தார். சத்தமே இல்லை. கயிற்றைக் காலால் மிதித்து இழுத்துக் கட்டினார். பிறகு மார்க்கர் எடுத்து ஆறு பக்கமும் நான் எழுதினேன்.

இனி மெக்சிகோ. நான் போனவன், அதனால் சொல்கிறேன், போகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

விமான நிலையத்துச் சுங்கத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். அவிழ்க்கத் தெரியாமல் இரண்டு பேர் முயன்று தோற்றார்கள். நானே அவிழ்த்தேன். தட்டுகளை அவர்கள் தொடவில்லை. மிளகாய்த்தூளைத்தான் எடுத்தார்கள். அதிகாரி விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். கொஞ்சம் யோசித்தார். பக்கத்து மேசை ஆளைக் கூப்பிட்டார். அவர் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார். நால்வரும் வரிசையாக நக்கிப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் எடுத்து, சின்னதாக ஒரு காய்ந்த மிளகாயை என் கையில் வைத்துச் சாப்பிடச் சொல்லிச் சைகை காட்டினார். நான் கோபத்தில் அதை முழுதாகக் கடித்தேன். அதற்குப் பிறகு எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், நாற்காலி கொடுத்தார்கள், முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். பெட்டியை என் தோழர் செய்த மாதிரியே கயிற்றைக் காலால் மிதித்து நானே மறுபடி கட்டினேன். மிளகாயே அவர்கள் நாட்டிலிருந்துதான் உலகத்துக்கெல்லாம் போனது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்த நாட்டுக்கு மிளகாய்த்தூள் சுமந்துபோன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அங்கிருந்து புவேப்லாவுக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரம். இறங்கும்போது குளிர். அந்த ஊர் பாலைவனம் இல்லை. கொடைக்கானல் உயரத்தில் இருக்கிறது. நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கும். முதல் நாள் வேகமாக நடக்காதீர்கள், மூச்சு வாங்கினால் வெட்கப்படாமல் உட்காருங்கள். ஜூலை மாதம் போனால் காலையில் வெயில், மூன்று மணிக்குச் சொல்லி வைத்த மாதிரி மழை. குடை வேண்டும், ஸ்வெட்டர் வேண்டும். நான் வெள்ளை சஃபாரி சூட்டில் பஸ் நிலையத்து வாசலில் நனைந்துகொண்டு நின்றேன். இங்கிலீஷ் பேசுகிற ஆள் ஒருவர்கூட இல்லை. பஸ்ஸிலிருந்து என் பெட்டியை இறக்கியவன் கைநழுவிக் கீழே போட்டான். ஆள் உயரத்திலிருந்து விழுந்தது. நான் தமிழில் நாலு வார்த்தை சொன்னேன். அவன் புரிந்த மாதிரித் தலையைக் குனிந்தான்.

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். பெட்டியில் என் பெயரைப் படித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, மிகுந்த சந்தோஷத்தோடு இங்கிலீஷில் சொன்னார்: "எங்களைத் திட்டுகிறவர் நீங்கள்தானே?"

எனக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்த ஃபாக்டரி கிளார்க் அவர்தான். என் கடிதம் வரும் ஒவ்வொரு தடவையும் சனிக்கிழமை வேலை முடிந்ததும் எல்லாரையும் உட்கார வைத்து, அவர்கள் மொழியில் சொல்லிப் படித்துக் காட்டுவாராம். அப்பளக் கடிதத்தை மட்டும் மூன்று தடவை படிக்கச் சொன்னார்களாம்.

ஃபாக்டரி வாசலில் இருபது இருபத்தைந்து பேர் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவராகக் கை கொடுத்தார்கள். சூளைக்காரர் ஒருவர் அந்த அம்மாளிடம் ஏதோ கேட்டார். அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னிடம் சொன்னார்: "உங்களை ஒரு தடவை நேரில் திட்டச் சொல்கிறார்."

முடியாது என்றேன். விடவில்லை. கடைசியில் திட்டினேன். எங்கள் ஊர்த் தமிழில், சங்கத் தலைவரை மனதில் வைத்துக்கொண்டு, வெள்ளை சஃபாரி சூட்டில் தண்ணீர் சொட்டச் சொட்டத் திட்டினேன். கை தட்டினார்கள். அன்று அந்தக் கைதட்டல் எனக்குத்தான் கிடைத்தது.

மறுநாளிலிருந்து பேக்கிங் பகுதியில் நின்று பார்த்தேன். அதன் பொறுப்பு ஒரு குட்டையான ஆளிடம் இருந்தது. புது மரப்பெட்டி, அடியில் வைக்கோல், ஒரு வரிசை டைல்ஸ், மறுபடி வைக்கோல், மறுபடி டைல்ஸ். குழந்தையைக் கிடத்துகிற மாதிரி ஒவ்வொன்றாகப் படுக்க வைத்தார். ஆணியை அளந்து அடித்தார். இரண்டு நாள் பார்த்தேன். ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. காலால் பேக் செய்கிறார்களா என்று நான் எழுதியதை நினைத்து வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயம் அதிகமாக இருந்தது. இவர்கள் மேல் தப்பு இல்லை என்றால் மானேஜர் கணக்குப்படி தப்பு என்னுடையது. முத்திரை குத்துகிற சத்தம் எனக்கு அங்கேயே கேட்டது.

அந்தப் பயத்தில்தான் ஊரைச் சுற்றினேன். தெருக்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை மறு பக்கம். குடோனில் ராக்குக்கு எண் போட்ட மாதிரி ஊரையே அடுக்கியிருக்கிறார்கள். ஸ்டோர் கீப்பராக இருந்தவன் அந்த ஊரில் தொலைந்துபோக முடியாது. நடுவில் ஒரு சதுக்கம், சுற்றிலும் வளைவு வளைவாகத் தாழ்வாரம், ஒரு பக்கம் இரட்டைக் கோபுரத்தோடு பெரிய சர்ச். காலை பத்து மணிக்குள் மேற்கே பார்த்தால் பனி மூடிய எரிமலை தெரியும், அதற்குப் பிறகு மேகம் மூடிவிடும். வீட்டுச் சுவர், சமையல் மேடை, சர்ச்சின் குவிமாடம், எங்கே பார்த்தாலும் நான் குடோனில் உடைந்து பார்த்த அதே டைல்ஸ் உடையாமல் இருந்தது. கடைக்குள் போனால் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் விலை சொல்ல மாட்டார்கள். தெருக் குழாயில் தண்ணீர் குடிக்காதீர்கள். சாப்பாடு இரண்டு மணிக்கு மேல்தான். வான்கோழிக் கறியின் மேல் கறுப்பாக ஒரு குழம்பு ஊற்றுவார்கள், காய்ந்த மிளகாய், எள், சாக்லேட் எல்லாம் அரைத்தது. முதல் வாயில் கோபம் வரும். மூன்றாவது வாயில் இன்னொரு கரண்டி கேட்பீர்கள். சைவக்காரர்களுக்குச் சோள ரொட்டியும் பருப்பும் இருக்கிறது, பட்டினி கிடக்க மாட்டீர்கள். கல் பாவிய தெரு, தோல் செருப்பு வழுக்கும்.

இதில் ஒன்றாவது தலைவர் குறிப்பில் இருந்ததா? இல்லை.

மூன்றாம் நாள் எனக்கு விருந்து. பரிசைக் கொடுத்தே ஆக வேண்டும். நானூறு வருஷமாகத் தட்டு செய்கிற ஊரில், தட்டு செய்கிற ஃபாக்டரியில், தட்டு செய்கிறவர்கள் முன்னால், துபாய்க் கடையில் வாங்கிய கண்ணாடி டின்னர் செட்டைப் பெட்டியோடு மேசையில் வைத்தேன். உள்ளே என்ன என்று கேட்டார்கள், சொன்னேன். அந்த அம்மாள், "எங்களுக்குத் தட்டா?" என்று மெதுவாகக் கேட்டார். தரை பிளந்தால் போய்விடலாம் என்றிருந்தது.

கயிற்றை அவிழ்த்துத் தட்டுகளை எடுத்தேன். ஆறு பேர் செட், ஒன்றுகூட உடையவில்லை. மூன்று விமானம், ஒரு பஸ், ஆள் உயரத்திலிருந்து ஒரு விழுகை. எல்லாரும் தட்டைப் பார்த்தபோது பேக்கிங்காரர் மட்டும் எழுந்து பெட்டிக்குள் தலையை விட்டார். என் பனியனை முகர்ந்தார். தட்டுகள் நின்ற பள்ளங்களை விரலால் தடவினார். பிறகு அந்த அம்மாள் மூலமாக என்னிடம் ஒரே கேள்வி கேட்டார். "நிற்க வைத்தா கட்டினீர்கள்?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. இரண்டு வருஷம் திட்டினேன், இதை யோசிக்கவே இல்லை. கப்பலில் ஒன்றரை மாதம் ஆடும்போது வைக்கோல் அமுங்கிவிடும். இடம் விடும். படுத்திருக்கும் டைல்ஸ் ஒன்றின் மேல் ஒன்று குதிக்கும், மேலே உள்ள பாரம் முழுக்க அடி வரிசையில் இறங்கும். என் அறைத் தோழர் சொன்னதுதான்.

சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு முற்றத்துக்குப் போனோம். அவர் முறையில் ஒரு பெட்டி, எங்கள் முறையில் ஒரு பெட்டி. லாரி மேலிருந்து இரண்டையும் தள்ளினார்கள். முதல் பெட்டி கீழே விழுந்ததும் குலுங்கியது, எனக்குத் தெரிந்த அதே சத்தம். இரண்டாவது பெட்டி தொம்மென்று விழுந்து சும்மா இருந்தது. பேக்கிங்காரர் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். மழை வந்த பிறகும் இறங்கவில்லை. அந்த அம்மாள் எனக்கு ஒரு கடிதம் டைப் செய்து கொடுத்தார்: உடைந்தது எங்கள் பேக்கிங் முறையால், இனி ஐயாவின் முறையைப் பின்பற்றுவோம். அட்டைப்பெட்டியை மாதிரிக்காக வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். வைத்துக்கொள்ளச் சொன்னேன். நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

கடிதத்தைப் பார்த்து மானேஜர் "அச்சா" என்று மட்டும் சொன்னார். கேன்சல் பேச்சு நின்றது. அடுத்த கண்டெய்னர் வரட்டும், பார்க்கலாம் என்றார்.

அது வந்தது. போர்ட்டிலிருந்து மானேஜருக்கு ஃபோன் வந்தது. அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கதவைத் திறந்து காட்டினார்கள். உள்ளே நாற்பத்தெட்டு மரப்பெட்டி. ஒவ்வொன்றும் நைலான் கயிற்றால் கட்டியிருந்தது. ஒவ்வொன்றின் ஆறு பக்கத்திலும் என் பெயர், என் அப்பா பெயர், ஊர், தாலுகா, வழி. மார்க்கரில் இல்லை. டைல்ஸுக்குப் பூசுகிற நீல வண்ணத்தில், அழகான எழுத்தில், சுற்றிலும் பூ வேலையோடு எழுதியிருந்தார்கள். அதோடு ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பசு மாடு.

என் முறை என்றால் முழு முறையும் வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். எதை விட்டால் உடையும் என்று தெரியாததால் மாட்டையும் விடவில்லை.

சுங்க அதிகாரிக்கு எப்படிப் புரியும்? காகிதத்தில் கம்பெனியின் பெயர், பெட்டியில் ஓர் இந்தியன் பெயர், அவன் ஊர் முகவரி, ஒரு மாடு. மானேஜர் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. அங்கே போய் அவர்களைக் கையில் போட்டுக்கொண்டு, கம்பெனிச் சரக்கோடு என் சொந்தச் சரக்கை அனுப்பச் சொல்லிவிட்டேன் என்று முடிவு கட்டிவிட்டார். நாளை காலை பத்து மணிக்குக் கஃபீல் வருவார், அவர் முன்னால் சொல் என்றார்கள். பாஸ்போர்ட் ஏற்கெனவே கம்பெனியில்தான் இருந்தது, அதனால் தனியாகப் பிடுங்க ஒன்றுமில்லை.

நேரே கராமாவுக்குப் போனேன். தலைவர் கையெழுத்துப் போட்ட தாள் என்னிடம் இருந்தது. அவர் இன்ஜினியர், டை கட்டிய ஆள், இங்கிலீஷ் தெரிந்தவர். வந்து நின்று, இது எங்கள் ஆட்களின் வழக்கம், நான்தான் எழுதச் சொன்னேன் என்று சொன்னால் போதும். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தாளை முதல் தடவை பார்க்கிறவர் மாதிரி மேலிருந்து கீழ் வரை படித்தார்.

"இது என் கையெழுத்து இல்லையே" என்றார்.

"சார், இந்தச் சோபாவுல உக்காந்துதான எழுதுனிய?"

"எங்க லெட்டர் பேட் யார் யார் கையிலயோ இருக்கு. நான் ஃபேமிலியோட இருக்கிறவன். கஃபீல், கஸ்டம்ஸ் விவகாரத்துல எல்லாம் என்னை இழுக்காதீங்க."

நான் கேட்டேன், "சரி, நீங்க எந்த வருசம் மெக்சிகோ போனிய?"

"ஜனவரியில."

"மாசம் கேக்கல சார். வருசம்."

சமையலறை வாசலில் அவர் மனைவி நின்றுகொண்டிருந்தார். "இவருக்குப் பம்பாயை விட்டா துபாய், துபாயை விட்டா பம்பாய். வேற எங்க போயிருக்கார்?" என்றார். அது கல்யாணத்துக்கு முன்னால், உனக்குத் தெரியாது என்றார் தலைவர். "கல்யாணத்துக்கு முன்னாடி திருச்சியையே தாண்டலை" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் உள்ளே போய்விட்டார். தலைவர் எனக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

மறுநாள் பத்து மணிக்குப் போர்ட் ஆபீசில் கஃபீல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மானேஜர். எதிரில் சுங்க அதிகாரி. அங்கே அரபிகளுக்கும் கொஞ்சம் இந்தி புரியும், எனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரி இருந்தது. மாடு வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன்.

அப்போது ஒரு பிக்கப் வந்து நின்றது. என் அறைத் தோழர் டூட்டிக்குப் போகாமல் வந்திருந்தார். அந்த வாரம் லீவில் போக இருந்தவர்களிடம் கெஞ்சி, எங்கள் கட்டடத்திலிருந்தும் பக்கத்துத் தொழிலாளர் கேம்பிலிருந்தும் ஏழு அட்டைப்பெட்டிகளை வாங்கி ஏற்றி வந்திருந்தார். ஒவ்வொன்றாக இறக்கி அதிகாரி முன்னால் வைத்தார். தமிழன், மலையாளி, பஞ்சாபி, வங்காளி, எல்லார் பெட்டியும். எல்லாவற்றிலும் கயிறு, எல்லாவற்றிலும் பெயர், ஊர், அப்பா பெயர்.

அதிகாரி எழுந்து வந்தார். ஒரு பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். பிறகு காலால் புரட்டி அடியைப் பார்த்தார். அங்கேயும் பெயர். அடியில் எதற்கு என்று கேட்டார்.

என் தோழர் தமிழிலேயே பதில் சொன்னார். "விழேக்க எந்தப் பக்கம் மேல வருமெண்டு ஆருக்குத் தெரியும்?"

நான் அதை இந்தியில் சொன்னேன். அதிகாரி கஃபீலைப் பார்த்தார். கஃபீல் தாடியைத் தடவிக்கொண்டு, தன் வீட்டுச் சமையல்காரனும் இப்படித்தான் செய்கிறான், தலையணையில்கூட எழுதி வைத்திருக்கிறான் என்றார். அதிகாரி சிரித்துவிட்டார். "கலாஸ்" என்றார். முடிந்தது. கையெழுத்துப் போடும்போது மட்டும் தலையை நிமிர்த்தி, மாடு எதற்கு என்றார். அது அந்த ஊர் வழக்கம் என்று சொல்லிவிட்டேன். என் வாழ்க்கையில் மெக்சிகோவைப் பற்றி நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

பெட்டிகளைத் திறந்தோம். ஒரு டைல்ஸ்கூட உடையவில்லை. நான் அந்தக் கம்பெனியில் இன்னும் ஒன்பது வருஷம் இருந்தேன். ஊரில் வீட்டுக்குக் கூரை போட்டேன். கடைசி வரை எல்லாப் பெட்டியும் மாட்டோடுதான் வந்தது.

என் தோழர் இப்போது கனடாவில் இருக்கிறார். மண்டபத்தில் நடந்ததை ஃபோனில் சொன்னேன். "சால்வையை வாங்கி உமக்குப் போத்தியிருக்கலாம், தட்டுச் சுத்தவாவது உதவியிருக்கும்" என்றார். அவருக்குச் சிரிப்பு வருகிறது. எனக்கு வரவில்லை.

தலைவரே, இனி உங்களோடு நேராகப் பேசுகிறேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறேன், உங்கள் சோபா மாதிரி. கராமாவில் என் வேலை போக இருந்தபோது அது உங்கள் கையெழுத்து இல்லை. சென்னையில் சால்வை வந்தபோது அது உங்கள் குறிப்பு. இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும்? அடுத்த வருஷம் அதே மண்டபத்தில் அதே ஆட்கள் கூடுவார்கள். நான் எட்டாவது வரிசையில் உட்கார மாட்டேன், அந்தத் தாளோடு மேடைக்கு வருவேன். உங்கள் மனைவியையும் அழைத்து வாருங்கள். எல்லார் முன்னாலும் மைக்கைப் பிடித்து மூன்று கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். இது உங்கள் கையெழுத்தா, இல்லையா? நீங்கள் மெக்சிகோவுக்குப் போனது எந்த வருஷம்? ஜூலை மாதம் புவேப்லாவில் மழை எத்தனை மணிக்கு வரும்? மூன்றாவது கேள்விக்கு விடையை மேலே எழுதியிருக்கிறேன், படித்துவிட்டு வரலாம். முதல் இரண்டுக்கும் உங்கள் வாயால் பதில் வர வேண்டும்.